சர்க்கரை வந்தவருக்குத் தனிச் சமையல் எதற்கு?

சர்க்கரை நோயும் சாப்பாடும் பற்றி நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. பலருடைய கேள்வி ஒன்றாகவே இருப்பதால், ஒவ்வொரு வகையிலும் ஒரு கடிதத்தை எடுத்துச் சுருக்கி, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர்கள் வேண்டாம், ஊர் மட்டும் போதும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் அப்படியே வைத்துவிட்டேன்.

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு மட்டும் மதியமும் இரவும் சப்பாத்தி, எங்களுக்குச் சாதம். ஆறு மாதம் ஆகிறது, ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.6-லிருந்து 8.4-க்குத்தான் வந்திருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டாலே எரிந்து விழுகிறார். நான் எங்கே தப்பு செய்கிறேன்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் மேல் தப்பு இல்லை அம்மா, ஊரே சொல்வதைத்தான் செய்திருக்கிறீர்கள். சாதத்தை நிறுத்து, சப்பாத்திக்கு மாறு என்ற யோசனை நம் ஊரில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டில் கிடைத்துவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 30 கிராம் கோதுமை மாவில் தேய்த்த ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு கப் சாதத்தில், அதாவது 160 கிராம் சாதத்தில், சுமார் 45 கிராம். நாலு சப்பாத்தி சாப்பிட்டால் ஒன்றே முக்கால் கப் சாதம் சாப்பிட்ட மாதிரிதான், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா வைத்தால் அதற்கும் மேலே போய்விடும். கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை, ஆனால் அளவு இறங்காமல் அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வில், 2025-ல் வெளியான உணவுப் பகுதியில், நாடு முழுக்க நம் ஆட்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று கண்டார்கள். அரிசியை எடுத்துவிட்டு அதே அளவுக்குக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக் கணக்கிட்டபோது சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் என்று புரதத்தை வைத்தபோதுதான் குறைந்தது.

அதனால் முதல் வேலையாகத் தனிச் சமையலை நிறுத்துங்கள். எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே நேரம், ஒரே பந்தி. மாற்ற வேண்டியது தட்டைத்தான். பாதித் தட்டுக்குக் காய், கால் தட்டுக்குச் சாதம், மீதிக் கால் தட்டுக்குப் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. நாம் காயைத் தொட்டுக்கொள்ளத்தான் வைக்கிறோம், ஒரு கரண்டி பொரியல் இலை ஓரத்தில் கிடக்கும். அதைச் சாப்பிடுவதற்காக வையுங்கள். அவரைக்காய், கொத்தவரங்காய், புடலங்காய், சுரைக்காய் கூட்டு, கீரை மசியல் என்று தஞ்சைப் பக்கத்துச் சமையலில் இல்லாததா?

அடுத்தது மூன்று சுற்று. சாம்பாருக்கு ஒரு தடவை சாதம், ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று நாம் மூன்று தடவை போட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு தடவையும் 'கொஞ்சம்தான்' என்று தோன்றும். ஒரு கப் சாதத்தை முதலிலேயே அளந்து தட்டில் வைத்து, அதையே சாம்பாருக்கும் ரசத்துக்கும் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மோரை டம்ளரில் குடிக்கட்டும். இது ஒன்றே பல வீடுகளில் சாதத்தைப் பாதியாக்கிவிடும், அதே சமயம் சாம்பார், ரசம், மோர் எதுவும் போகாது.

சாப்பிடும் வரிசையும் கணக்கில் வரும். நியூயார்க்கில் 2015-ல் 11 பேரை மட்டும் வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில், காயும் புரதமும் முதலில் சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்து மாவுச்சத்து சாப்பிட்டபோது, ஒரு மணி நேரத்தில் பார்த்த சர்க்கரை அளவு 37 சதவீதம் குறைவாக இருந்தது. சாப்பாடு அதேதான், வரிசை மட்டும்தான் மாறியது. கால் மணி நேரம் காத்திருக்க வேண்டாம், பொரியலையும் கூட்டையும் முதலில் முடித்துவிட்டுச் சாதத்தில் கை வைத்தாலே நல்லது. சாப்பிட்டதும் 10 நிமிஷம் தெருவில் நடந்துவிட்டு வரட்டும், நீங்களும் கூடப் போங்கள். நியூசிலாந்தில் 2016-ல் பார்த்தார்கள்: நாளுக்கு ஒரே தடவையாக அரை மணி நேரம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிஷம் நடந்ததில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம்.

இப்போது அவருடைய எரிச்சலுக்கு வருவோம். எனக்கு 8.4-ஐ விட அதுதான் கவலை. 1995-ல் அமெரிக்காவில் வில்லியம் போலன்ஸ்கியும் அவருடன் இருந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளின் மனச்சுமையை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். சாப்பாட்டு விஷயத்தில் எதையோ இழந்துவிட்டோம் என்ற ஏக்கம் இருக்கிறதா என்பது அதில் ஒரு கேள்வி. அந்த அளவுக்கு இது பரவலான துன்பம். நாலு பேர் சாம்பார் சாதம் பிசையும்போது ஒருவர் மட்டும் ஆறிப்போன சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கூட உட்காரவையுங்கள். அவர் தட்டைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது, குறிப்பாகப் பிள்ளைகள். இவ்வளவும் செய்து மூன்று மாதத்தில் அளவு இறங்கவில்லை என்றால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும், டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். சாப்பாட்டால் மட்டும் எல்லாருக்கும் சரியாகிவிடாது. அது அவர் தோல்வியும் இல்லை, உங்கள் தோல்வியும் இல்லை.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டேன். காபிக்குக் கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை போட்டுக்கொள்ளலாம் அல்லவா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: மூன்றுமே சர்க்கரைதான் சார். கருப்பட்டியில் சில தாது உப்புகள் இருப்பது சரி, ஒரு ஸ்பூனில் அது எந்த மூலைக்கும் பற்றாது, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது மட்டும் தவறாமல் நடக்கும். நாளுக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் வரை போய்விடுகிறது. ஒரே நாளில் நிறுத்தினால் காபியே பிடிக்காமல் போகும். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். கடை டீ என்றால் 'சர்க்கரை இல்லாமல்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், போட்டுக் கலக்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: பஸ் கண்டக்டராக இருக்கிறேன். காலையில் இட்லி இரண்டு சாப்பிட்டு மாத்திரை போட்டு டூட்டிக்குப் போனால் மதியச் சாப்பாடு சில நாள் மூன்று மணிக்குத்தான். ஒரு மணிக்கே கை நடுங்குகிறது, வேர்க்கிறது, பயணிகளிடம் காரணமில்லாமல் கத்திவிடுகிறேன். சாப்பிட்டதும் சரியாகிறது. இது பசி மயக்கமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: பசி மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது லோ சுகரின், அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவதன் அடையாளங்கள், காரணமில்லாத கோபமும் அதில் சேர்த்திதான். சீட்டில் என்ன மாத்திரை என்று பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிகிளசைடு போன்ற பெயர் இருந்தால், அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மாத்திரை; நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம்.

அடுத்த தடவை நடுங்கும்போது முடிந்தால் விரல் நுனியில் குத்திப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் லோ சுகர். பார்க்க வசதி இல்லை என்றால் பார்க்காமலே வைத்தியம் செய்துவிட வேண்டும். 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிஷம் உட்காருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. சரியானதும் ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். சாக்லெட் இதற்கு உதவாது, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். இன்னொன்று, நம் ஊரில் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை நிறையப் பேருக்கு எழுதப்படுகிறது. அதில் வோக்லிபோஸ் இருந்தால் வீட்டுச் சர்க்கரை, மிட்டாய் எல்லாம் வேலை செய்ய நேரமாகும், ஏனென்றால் சர்க்கரை உடைந்து குளுக்கோஸ் ஆவதைத்தான் அந்த மருந்து தள்ளிப்போடுகிறது. குளுக்கோஸ் தூளையே பையில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, இரண்டு இட்லி உங்கள் டூட்டிக்குப் பற்றாது. மூன்று இட்லி, கெட்டியாகச் சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று போங்கள். பதினொன்றரைக்கு ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ சுண்டலோ ஒரு கொய்யாவோ, டிரிப் ஷீட் எழுத நிற்கும் நேரத்தில் முடித்துவிடலாம். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் உங்கள் டூட்டிக்குத் தகுந்தபடி மாற்ற முடியும். மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று டாக்டர் கேட்கவில்லை என்றால் நீங்களாகவே சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது, டைப் 1. பதினோரு வயதிலிருந்து இன்சுலின். விசேஷத்துக்குப் போனால் பாயசத்தை என் இலையில் வைக்கவே விடமாட்டார்கள், 'பாவம் பிள்ளைக்குச் சுகர்' என்பார்கள். அடுத்த மாதம் எனக்கே கல்யாணம். என் கல்யாணச் சாப்பாட்டையாவது நான் சாப்பிடலாமா? (வாசகி, கோவை)

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம், வாழ்த்துகள்! உறவுக்காரர்கள் பாசத்தில் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் மனதில் இருப்பது வயதானவர்களுக்கு வரும் டைப் 2. உங்களுக்கு இன்சுலினே சுரக்கவில்லை, வெளியிலிருந்து போடுகிறீர்கள். அப்படியானால் சாப்பாட்டுக்கு ஏற்றபடி இன்சுலினை அமைத்துக்கொள்வதுதான் முறை. ஜெர்மனியின் டுசல்டார்ப் நகரத்தில் இதை ஒரு பாடமாகவே நடத்தினார்கள், பிறகு இங்கிலாந்தில் 'டாப்னே' என்ற பெயரில் ஐந்து நாள் வகுப்பாக வந்தது. 2002-ல் வந்த முடிவைப் பாருங்கள்: 169 பேரில், வகுப்புக்குப் போனவர்களின் மூன்று மாத சராசரி ஆறு மாதத்தில் 8.4, போகாதவர்களுக்கு 9.4. விரும்பியதைச் சாப்பிட முடிகிறது, வாழ்க்கை எளிதாகியிருக்கிறது என்று சொன்னவர்களும் அந்த வகுப்புக்குப் போனவர்கள்தான். கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் சர்க்கரை ஏறிவிடும் என்ற பயம் அங்கே பொய்த்துப்போனது.

மாவுச்சத்தை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். இத்தனை கிராமுக்கு ஒரு யூனிட் என்ற விகிதம் ஆளுக்கு ஆள் மாறும், உங்களுக்கே காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இருக்கலாம். உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து கல்யாணத்துக்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிடுங்கள். அப்புறம் கல்யாண நாள். போட்டோ, ஆசீர்வாதம், வரிசை என்று மணப்பெண் சாப்பிட உட்காருவது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வேகமாக வேலை செய்யும் இன்சுலினை இலை போட்டுப் பரிமாற ஆரம்பித்த பிறகு போடுங்கள், 'இதோ சாப்பிடப் போகிறோம்' என்று யாரோ சொன்னதை நம்பி மேடையிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம். மாமா பெண்ணோ தோழியோ ஒருத்தி கையில் குளுக்கோஸும் மீட்டரும் நாள் முழுக்க இருக்கட்டும். சர்க்கரையை அளக்க உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சார் பிளவுஸுக்குள் தெரியும் என்று யாராவது கவலைப்பட்டால் அது அவர்கள் கவலை.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, சராசரி 7.9. இனிப்பு, பழம், கிழங்கு எல்லாம் நிறுத்திவிட்டோம். தலையணைக்கு அடியில் பிஸ்கட் ஒளித்துவைத்திருப்பதைப் பார்த்தேன். ஐந்து கிலோ இளைத்தும்விட்டார். எப்படிக் கட்டுப்படுத்துவது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கட்டுப்படுத்த வேண்டாம் என்பதுதான் என் பதில், கொஞ்சம் கோபத்தோடேயே சொல்கிறேன். 78 வயதில் 7.9 மோசமான அளவு இல்லை. இளம் வயதினருக்குச் சொல்லும் 7 என்ற இலக்கு, வேறு நோய்களும் தளர்ச்சியும் உள்ள முதியவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு 8 வரை இருக்கலாம் என்றுதான் வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. அந்த வயதில் பெரிய ஆபத்து லோ சுகர். ராத்திரி பாத்ரூம் போகும்போது மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அப்புறம் எழுந்து நடப்பதே கஷ்டம்.

ஐந்து கிலோ இளைத்ததைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். அதற்குக் காரணம் சாப்பாட்டுக் குறைவா, வேறு எதுவுமா என்று உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மெட்பார்மின் பல வருஷமாகச் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பல் செட் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள், மெல்ல முடியாமல்தான் நிறைய முதியவர்கள் பிஸ்கட்டிலும் கஞ்சியிலும் காலம் தள்ளுகிறார்கள். மெத்தென்று ஒரு முட்டைப் பொரியல், முள் எடுத்த மீன் குழம்பு, குழைய வேகவைத்த பருப்பு, தயிர் என்று புரதத்தை வேளைக்கு வேளை கொடுங்கள். உங்கள் ஊர் ஏத்தன்பழத்தில் பாதியை அவித்து, நாலு மணிக்குத் தட்டில் வைத்து எல்லார் முன்னாலும் சாப்பிடச் சொல்லுங்கள். 78 வயது அம்மா பிஸ்கட்டை ஒளித்துவைத்துச் சாப்பிடும்படி ஒரு வீடு இருக்கக் கூடாது.

கேள்வி: காலையில் கேழ்வரகுக் கஞ்சிதான் குடிக்கிறேன், ஆனாலும் சாப்பிட்ட பிறகு பார்த்தால் 240 காட்டுகிறது. கேழ்வரகு நல்லதுதானே? (வாசகர், தர்மபுரி)

பதில்: கேழ்வரகு நல்லதுதான், கஞ்சியாகக் குடிப்பதில்தான் சிக்கல். நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, நிமிஷத்தில் குடித்துவிடும்போது வயிற்றுக்கு வேலையே இல்லை, சர்க்கரை சட்டென்று ஏறிவிடுகிறது. உங்கள் ஊர்க் களி இதைவிடத் தேவலை. கட்டியாக இருப்பதால் மெதுவாக இறங்கும், கூடவே கீரைக் குழம்போ கொள்ளுக் குழம்போ இருக்கும். ஒரு சிறிய உருண்டை, மீதி வயிற்றுக்குக் குழம்பும் காயும். தினை, சாமை, வரகு என்றாலும் முழுசாக வேகவையுங்கள், மாவாக்காதீர்கள், அளவு சாதத்துக்கு உள்ள அதே அளவுதான். சாப்பிட்ட பிறகு பார்ப்பது என்றால் முதல் வாய் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரம். 180-க்குள் வந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரி.

கேள்வி: சில வாரங்களில் சர்க்கரையை வேரோடு போக்கி மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று விளம்பரம் வருகிறது. உண்மையா? எனக்கு 41 வயது, எடை 92 கிலோ, நோய் வந்து இரண்டு வருஷம். (வாசகர், மதுரை)

பதில்: வேரோடு என்பது பொய். தணிய வைக்கலாம் என்பது சிலருக்கு உண்மை, அந்தச் சிலரில் நீங்களும் இருக்கலாம். பிரிட்டனில் 'டைரக்ட்' என்ற ஆய்வில், நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாத, எடை கூடியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் கொடுத்துப் பிறகு மெதுவாகச் சாதாரணச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷம் கழித்து 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. இரண்டாம் வருஷ முடிவில் அது மொத்தத்தில் 36 சதவீதமாக இறங்கியது, எடை திரும்ப ஏறினால் நோயும் திரும்பும்.

இதையெல்லாம் மருத்துவர்கள் கூடவே இருந்து செய்தார்கள், மருந்தை அவர்களே நிறுத்தினார்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி வாங்கிச் சாப்பிடாதீர்கள். டாக்டரிடம் 'எடை குறைத்து மாத்திரையைக் குறைக்க விரும்புகிறேன், கூட இருப்பீர்களா' என்று கேளுங்கள். 92-லிருந்து 82-க்கு வந்தால், நோய் முழுசாகத் தணியாவிட்டாலும் மூட்டும் தூக்கமும் ரத்த அழுத்தமும் உங்களுக்கு வித்தியாசத்தைக் காட்டும்.

கேள்வி: ரமலான் நோன்பு வைக்கிறேன், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், எனக்கு விட மனமில்லை. (வாசகி, காயல்பட்டினம்)

பதில்: மனசுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று புரிகிறது. அதனால்தான் நோன்பு ஆரம்பித்த பிறகு இல்லாமல், ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், அடிக்கடி லோ சுகர், அண்மையில் சர்க்கரை மிக அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, இவற்றில் ஏதாவது இருந்தால் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மார்க்கத்திலேயே நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. வைக்கலாம் என்றால் மாத்திரையின் நேரமும் அளவும் மாறும். கண்டக்டர் சாருக்குச் சொன்ன வகை மாத்திரைக்கு இது ரொம்ப முக்கியம்.

விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்காமல் தூங்கிவிடக் கூடாது. அதைக் கடைசி நேரத்தில் சாப்பிடுங்கள், முட்டை, பருப்பு, காய் அதில் இருக்கட்டும். நோன்பு திறக்க ஒன்றிரண்டு பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு சின்னக் கிண்ணம் நோன்புக் கஞ்சி. கஞ்சி பெரும்பாலும் அரிசிதான், இரண்டாவது கிண்ணத்துக்குப் பதிலாகச் சுண்டலோ கறியோ எடுத்துக்கொள்ளுங்கள். சமோசாவும் ரோஸ் மில்க்கும் தினமும் வேண்டாம். பகலில் விரல் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள், அதனால் தயங்காமல் பாருங்கள். 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே போனாலோ, நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்குப் பத்து நிமிஷமே இருந்தாலும் அந்த நிமிஷமே நோன்பைத் திறந்துவிடுங்கள்.